மூன்றாவது பொத்தான்

போன மாதம் சர்க்கரை மாத்திரை வாங்குவதற்காகக் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். பழையதில் இருக்கும் நோயாளிகளின் விவரங்களை எல்லாம் அதற்கு மாற்றச் சொல்கிறார்களாம். நான் அதே துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்று அவருக்குத் தெரியும். "காகிதத்துலேர்ந்து கம்ப்யூட்டருக்கு மாத்துனதே உங்க காலத்துலதானாமே சார். எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். நானும் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஏழாவதாக நின்ற ஓர் அம்மாள், "பெரியவரே, இத வீட்ல போய் எழுதுங்க. எங்களுக்கு பஸ்ஸு போயிடும்" என்றார். நியாயமான யோசனைதான். எழுதுகிறேன்.

என் வேலையின் முதல் பாதியில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பி.ஏ. முடித்து, ஊருக்குள் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவறையில் உதவியாளராகச் சேர்ந்தேன். எழுத்தர் ஆனேன். எழுத்தராக இருந்தவன் மூத்த எழுத்தர் ஆனேன். தூசியால் தும்மல் வந்தது, இன்னும் போகவில்லை. கடைசிப் பதினொரு வருடம் அரியாங்குப்பம் தாண்டி ஒரு சமுதாய நலவழி மையத்தில் இருந்தேன். அது எந்த ஊர் என்று எழுதவில்லை. அங்கே இன்னும் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள். மையத்துக்கு மேற்கே நெல்லும் கரும்பும் போடுகிற ஊர்கள், கிழக்கே கடலை ஒட்டி இரண்டு மீனவர் குப்பங்கள். இரண்டு பக்கமிருந்தும் எங்களிடம்தான் வருவார்கள். எங்களால் முடியாததைக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அங்கே இருந்த முறையை முதலில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு அட்டை. வீடு என்றால் கட்டடம் அல்ல. ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள். மூத்த மகன் தனிச் சமையல் வைத்தால் அவனுக்குத் தனி அட்டை. பெண் கல்யாணமாகிப் போனால் அவளுடைய தாள் புருஷன் வீட்டு அட்டைக்குப் போய்விடும். பழுப்பு நிற அட்டை. மேலே குடும்பத் தலைவரின் பெயர், ஊர், எண். உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தது. நோயாளி வந்து எண்ணைச் சொன்னால் நான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். எண்ணைச் சொல்லாமல், "அதான் சார், போன வாரம் வந்தேனே" என்பவர்கள்தான் அதிகம். அப்படிச் சொன்னாலும் எடுத்துக் கொடுத்தோம்.

அந்த வீட்டில் யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் அட்டையின் வலது மேல் மூலையில் சிவப்பு மையால் மருந்தின் பெயரை எழுதுவோம். யாருக்கு என்று எழுதுவதில்லை. உள்ளே இருக்கும் தாள்கள் நிறைந்துவிடும், கிழியும், மாற்றுவோம். அட்டை மட்டும் நிலைக்கும் என்பதால் அட்டையில் எழுதும் வழக்கம் வந்தது. ஊசி அறை சிஸ்டர் சிவப்பைப் பார்த்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்ல யாருக்கு?" என்று கேட்பார். வந்தவர் சொல்வார். கேள்வியைக் கேட்க வைப்பது மட்டுமே அந்தச் சிவப்பின் வேலை. பதில் அந்த வீட்டு ஆட்களிடம் இருந்தது.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் சுகந்தி. என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய முறைகளைப் பற்றி நான் தனியாகவே எழுதலாம். நோயாளி பேசும்போது பேனாவைத் தொட மாட்டார். பேசி முடித்த பிறகுதான் எழுதுவார். யாருக்கு எந்த வேலை சொன்னாலும் "திருப்பிச் சொல்லுங்க" என்பார். சொல்ல வேண்டும். பெருக்குகிறவர் முதல் நான் வரை எல்லோரும் சொல்லியிருக்கிறோம். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு வீட்டில் மளிகைச் சாமான் சொல்லும்போது என் மனைவியிடமே நான் அப்படிக் கேட்டு, அவள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தாள். டாக்டருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை உயரும். "தயவுசெஞ்சு கொஞ்சம் உக்காருங்களேன்" என்று அவர் ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுவோம்.

சுனாமி வந்து போன இரண்டாம் வருடம் மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றுக்குச் சூடு ஆகாது என்று பதிவறையில் ஏசி மாட்டினார்கள். டாக்டர் அறையில் மின்விசிறி சுற்றும்போது கீச்சென்று கத்தும். அதை மாற்ற எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல்கள் என்னிடமே ஐந்து இருந்தன. ஏசி மட்டும் கேட்காமலே வந்தது. அன்று முதல் என் அறைக்கு எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. மருந்தாளுநர், ஆய்வக உதவியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அன்பழகன் எல்லோரும் வந்து, "சார், மணி என்னா?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் நிற்பார்கள்.

அட்டைகளில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒப்பந்தத்தில் கலைவாணி என்ற பெண் வந்தாள். வேகமான கை. மென்பொருள் செய்த கம்பெனி ஓர் இன்ஜினீயரை அனுப்பியது. அவர் எங்களுக்கு ஒரு நாள் பாடம் எடுத்தார். இனி வீட்டுக்கு அட்டை கிடையாது, ஆளுக்கு ஒரு பக்கம். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அட்டையின் மேலே உள்ள விவரங்களை அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய பக்கத்தில் ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாகத்தான் பட்டது. தலையாட்டினோம்.

முதல் சில மாதங்களில் தகராறு செய்தது பெயர்கள்தான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஊரிலிருந்து தம்பி வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். கலைவாணி தகப்பனார் பெயர் கேட்க, அவர் தன் எத்தா-சிவில் தாளை, அதாவது பிரெஞ்சு அரசு கொடுத்த பிறப்புப் பதிவை, மேசையில் விரித்து, "நோம், குடும்பப் பேரு, அது முதல்ல. ப்ரேனோம், கூப்புடற பேரு, அது அப்புறம். இதுல இருக்கற மாதிரியே ஏத்தும்மா. இல்லன்னா நான் வேற ஆளாயிடுவேன், பென்ஷன் நின்னுடும்" என்றார். "தாத்தா, இது இருமலுக்கு" என்றாள் அவள். "இருமல் எனக்குத்தானே?" என்றார் அவர். முக்கால் மணி நேரம் ஆனது. அவர் சொன்னபடியே ஏற்றினோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஏறக்குறைய முடித்துவிட்டோம். அச்சுப்பொறியும் வந்தது. கோரிமேட்டுக்கு அனுப்பும் நோயாளிகளுக்கு டாக்டர் கையால் எழுதிக்கொடுத்த சீட்டுக்குப் பதில், ஒரு பக்கத்தில் எல்லாம் அச்சாகி வரும். எனக்கு அதில் பெருமை உண்டு. எடுத்ததும் ஒரு முறை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அந்த வியாழக்கிழமை காலை முதலில் வந்தவள் வசந்தி. மீனவர் குப்பத்துப் பெண், முதல் பிரசவம். விடியற்காலையிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது, வலி மட்டும் வரவில்லை. கூட அவளுடைய அம்மா முத்தம்மா, மாமியார் காசியம்மா, அப்பா தணிகாசலம். டாக்டர் பார்த்துவிட்டு உடனே கோரிமேட்டுக்கு அனுப்பச் சொன்னார். நான் அச்செடுத்துக் கொடுத்தேன். ஆம்புலன்ஸில் பெண்கள் மூவரும் ஏறிக்கொண்டார்கள். "நீங்க பின்னால பஸ்ல வாங்க மாமா" என்றான் அன்பழகன்.

தணிகாசலம் உடனே போகவில்லை. அவருக்கு இதயத்தில் வால்வு பழுது. கோரிமேட்டில் கண்டுபிடித்து, மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும் என்று எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். முதல் ஊசி அங்கேயே போட்டாயிற்று. அடுத்தது அந்த வாரம். வந்ததுதான் வந்தோம், அதையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், அவர் முறை வந்தது.

டாக்டர் அவருடைய பக்கத்தைத் திறந்தார். திரையில் சிவப்பாக வந்தது.

"உங்களுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு இருக்கே?"

"யாருக்கு, எனக்கா? கோரிமேட்டுல போட்டாங்களேம்மா. போட்டுக்கினு பஸ் ஏறி வந்து, சாயந்தரம் வல பிரிச்சேன்."

டாக்டர் என்னைக் கூப்பிட்டு அவருடைய பழைய அட்டையைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் தணிகாசலம் பெயர் இருந்தது. மூலையில் சிவப்பு இருந்தது. டாக்டர் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். பிறகு, பல வருடங்களாக ஊசி அறையில் மட்டும் கேட்கப்பட்டு வந்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்ல யாருக்கு?"

தணிகாசலம் பதில் சொல்வதற்கு முன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"வசந்திக்குதாம்மா. எட்டு வயசுல. டெஸ்ட்டுக்குன்னு துளியூண்டுதான் போட்டாங்க. அதுக்கே மூச்சு நின்னு கண்ணு சொருகிடுச்சு. அப்ப இருந்த சிஸ்டரு வேற ஊசி போட்டு எழுப்புனாங்க."

"அவ தாள்ல இல்லையே."

"கல்யாணமானப்ப அவ தாளு அந்தூட்டு அட்டைக்குப் போச்சு. அதுல செவப்பு போடாதீங்கன்னு எங்கூட்டுக்காரி வந்து கேட்டுக்கினா. சம்மந்திக்குப் படிக்கத் தெரியாதும்மா, ஆனா செவப்பு தெரியும். சீக்குப் பொண்ணக் கட்டிக்கினு வந்துட்டோம்னு சொல்லிட்டா? சிஸ்டரும் சரின்னாங்க. பொண்ண எனக்கு மொகம் தெரியும், நான் பாத்துக்கறேன்னாங்க."

அந்த சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

 காலையில் நான் படித்துக் கொடுத்த தாளில் கீழிருந்து மூன்றாவது வரி எனக்கு மனப்பாடம். எல்லோருடைய தாளிலும் அதே இடத்தில்தான் வரும். மருந்து ஒவ்வாமை: இல்லை. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பதால், யாரும் தொடாத இடத்தில் மென்பொருள் தானாகவே "இல்லை" என்று வைத்துக்கொள்ளும். வசந்தியைப் பற்றிக் கையால் எழுதிய சீட்டு போயிருந்தால் அதில் அந்த வரியே இருந்திருக்காது. அங்கே யாராவது கேட்டிருப்பார்கள். அச்சடித்து அனுப்பியதால் கேட்க மாட்டார்கள்.

"டெஸ்ட் டோஸ் போட்டுப் பாப்பாங்க இல்ல, டாக்டர்?" என்றேன்.

"டெஸ்ட் டோஸ்லதான் அன்னிக்கு மூச்சு நின்னுது, சார். பனிக்குடம் உடைஞ்சு போற பொண்ணுக்குப் போன உடனே ஆம்பிசிலின் போடுவாங்க. அது பென்சிலினுக்குத் தங்கச்சி. கதவைச் சாத்துங்க."

கோரிமேட்டுப் பிரசவ வார்டுக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது முறையும் அப்படியே. டாக்டர் அன்பழகனின் செல்லுக்குப் போட்டு ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"அன்பழகன், எங்க இருக்கீங்க?"

"டீ குடிக்கிறேம்மா. எறக்கி வுட்டாச்சு. உள்ள இட்டுக்கினு போயிட்டாங்க."

"டீயை வச்சிடுங்க. லேபர் வார்டு சிஸ்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. வசந்திக்குப் பென்சிலின் கூடாது, ஆம்பிசிலின் கூடாது. போட்டா உயிருக்கு ஆபத்து. திருப்பிச் சொல்லுங்க."

"வசந்திக்குப் பென்சிலின் கூடாது, ஆம்பிசிலின் கூடாது. உசுருக்கு ஆபத்து."

"ஓடுங்க. போனைக் கட் பண்ணாதீங்க."

அவன் ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம், படிகள், யாரையோ இடித்துக்கொண்டு "தள்ளு தள்ளு" என்றது. பிறகு ஒரு பெண் குரல், வார்டு வாசலில் நிற்கும் ஆயாவாக இருக்க வேண்டும்.

"ஆம்பளைங்க வரக் கூடாது."

"சிஸ்டரக் கூப்புடுங்க, அவசரம்."

"சிஸ்டரு உள்ள கேஸ் பாக்கறாங்க. யாரு பேஷண்டு? அவங்க கூட வந்தவங்கள வரச் சொல்லு, அவங்ககிட்ட கேக்கறேன்."

அன்பழகன் கூப்பிட்டான். முத்தம்மா வந்திருக்க வேண்டும். "ஏம்மா, உன் பொண்ணுக்குப் பென்சிலின் ஒத்துக்காதாமே? டாக்டரம்மா லைன்ல இருக்காங்க, சொல்லு" என்றான்.

 முத்தம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லியே."

"பாத்தியா? பெத்தவளே இல்லன்றா. போ அந்தப் பக்கம்" என்றது ஆயாவின் குரல்.

டாக்டர் போனை நோக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தணிகாசலம் மேசைக்கு வந்துவிட்டார். அவருடைய இரண்டு கையும் மேசை மேல் இருந்தன. வலை இழுத்து இழுத்துக் காய்ந்த கைகள்.

"அன்பு, நான்தான்டா. பக்கத்துல சம்மந்தியம்மா நிக்குதா?"

"நிக்கறாங்க மாமா."

"போன அவங்க கையில குடு."

கொடுத்தான். 

"சம்மந்தி, தணிகாசலம் பேசறேன். வசந்திக்கு அந்த ஊசி ஆவாது. சின்னதுல போட்டு உசுரு போயி வந்துச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப உங்ககிட்ட சொல்லல. சொல்லக் கூடாதுன்னது நானு. முத்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

முந்தின நிமிடம்தான் அவர் எங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தார். நானும் டாக்டரும் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

 மீன் கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாகக் கூவின குரல் ஒன்று எங்கள் மேசையை அதிரவைத்தது.

"ஏ ஆயா! கதவத் தெற! ஆம்பள வரக் கூடாதுன்ன, சரி. நான் என்னா ஆம்பளயா? எம் மருமவளுக்கு ஊசி போடப் போறாங்க, கதவத் தெறடீ!"

ஏதோ உலோகம் தரையில் உருளும் சத்தம். லைன் அறுந்துவிட்டது.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். டாக்டர் தணிகாசலத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். "சார், நீங்க போட்டுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு மணியை அடித்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்தச் சமயத்தில் அவரால் அது எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மேற்கு ஊர்க்காரர் ஒருவர், இருமல். சட்டையைத் தூக்கச் சொல்லி, முதுகில் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். எத்தனை நாளாக, சளி என்ன நிறம், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று ஒன்றையும் விடாமல் கேட்டார். அவருக்குப் பின் இன்னும் நான்கு பேரைப் பார்த்தார். பேனாவை அவர்கள் பேசி முடித்த பிறகுதான் எடுத்தார். நான் எண்களை அழுத்திக்கொண்டே இருந்தேன். தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அதுவாக அடித்தது.

"அம்மா, அன்பு. சொல்லியாச்சும்மா. மருந்த ஊசியில ஏத்தி டிரேயில வச்சிருந்தாங்களாம். போடல. போடலம்மா."

தணிகாசலம் எழுந்தார். எழுந்தவருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, திரும்ப உட்கார்ந்தார்.

அடுத்து வார்டு சிஸ்டரே பேசினார். கோபமாகத்தான் பேசினார். "உங்க பேப்பர்ல தெளிவா 'இல்லை'ன்னு போட்டிருக்கே, டாக்டர்."

"ஆமா சிஸ்டர். எங்க பேப்பர் தப்பு. நான் கையால எழுதி இப்பவே அவங்கப்பாகிட்ட குடுத்து அனுப்பறேன். அதுவரைக்கும் நான் சொல்றத எழுதிக்குங்க. எழுதிட்டுத் திருப்பிச் சொல்லுங்க."

அந்த சிஸ்டரும் திருப்பிச் சொன்னார்.

கடைசியாக அன்பழகன் மறுபடி வந்தான். "மாமா இருக்காரா? மாமா, உன் சம்மந்தி முத்தம்மாவப் புடிச்சி என்னா கேட்டுது தெரியுமா? 'இத மறைக்கறதுக்கு என்னாடி இருக்குது? மீன் விக்கறவ நானு, எனக்கு எறா ஆவாது. ஒண்ணு வாயில போட்டா மூஞ்சி பூசணிக்காயாட்டம் ஊதிக்கும். ஊரே சிரிக்கும். அதுக்குன்னு எறா விக்காமலா இருக்கேன்?'ன்னுது. முத்தம்மா அதும் தோள்ல சாஞ்சி அழுதுக்கினு இருக்குது."

தணிகாசலம் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, டாக்டர் எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்தபடியே பஸ் ஏறப் போனார். இருட்டுவதற்குள் வசந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று சேதி வந்தது. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள்.

கலைவாணிக்கு விஷயம் தெரிந்ததும் விசைப்பலகையின் மேல் கை வைக்கவே மாட்டேன் என்றாள். "எத்தன பேருக்கு இப்படி 'இல்ல'ன்னு அடிச்சேனோ சார்." டாக்டர் அவளிடம், "நீ அடிக்கலம்மா. அது தானா அடிச்சு வச்சிருந்தது. நீ தொட்டிருந்தாத்தான் கேட்டிருப்பே" என்றார்.

திங்கட்கிழமை இன்ஜினீயர் வந்தார். டாக்டர் எழுந்து நின்று, "வாங்க சார், தயவுசெஞ்சு உக்காருங்க" என்றார். நான் ஒதுங்க நினைத்தேன். என்னையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

"ஒருத்தருக்கு அலர்ஜி இருக்கான்னு நாங்க கேக்கவே இல்ல. உங்க கம்ப்யூட்டர் என்ன போடும்?"

"'இல்லை'ன்னு போடும் மேடம். டிஃபால்ட்."

"கேக்காம எப்படித் தெரியும், சார், இல்லைன்னு?"

"மேடம், எல்லா இடத்துலயும் ரெண்டு பட்டன்தான் மேடம். உண்டு, இல்லை."

"நீங்க ரொம்பப் படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்களுக்கு மூணாவதா இன்னொரு பட்டன் வேணும்: கேட்கவில்லை. யாரும் கேக்கறவரைக்கும் அதுதான் இருக்கணும். தாள்லயும் அப்படித்தான் அச்சாகணும்."

"தாள்ல அப்படி வந்தா அசிங்கமா இருக்கும் மேடம். வேலை செய்யாத மாதிரி தெரியும்."

"செய்யலதானே? தெரியட்டும். தயவுசெஞ்சு திருப்பிச் சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். மூன்றாவது பொத்தான் வர ஆறு வாரம் ஆனது. அதுவரை எல்லாத் தாளிலும் அந்த வரியை நானே பேனாவால் அடித்துவிட்டு, கேட்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு கேட்கும் வேலை. டாக்டர் ஒரே ஒரு விதி வைத்தார்: ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்க வேண்டும். கூட அம்மா இருக்கக் கூடாது, புருஷன் இருக்கக் கூடாது, மாமியார் இருக்கவே கூடாது. ஆளுக்கொரு பக்கம் என்று ஆன பிறகு ஒருவர் சொல்வதை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லையே. என் பதிவறையில் கதவைச் சாத்தி, ஒரு நாற்காலி போட்டு, கலைவாணியும் நானும் கேட்டோம். யாரும் உள்ளே வர மறுக்கவில்லை, ஏசி இருந்தது. வெயில் காலத்தில் சிலர் இரண்டாவது முறையும் வந்தார்கள்.

சிவப்பு எழுதிய அட்டைகளை முதலில் எடுத்துக்கொண்டோம். மொத்தம் முப்பத்தெட்டு. கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டும் குடும்பத் தலைவர்கள் பெயரில் ஏறியிருந்தன. உண்மையில் தலைவருக்கே ஒத்துக்கொள்ளாதது ஐந்து வீட்டில்தான். மற்றதெல்லாம் பெண்டாட்டி, பிள்ளை, மருமகள், ஒரு வீட்டில் கொழுந்தியாள். இரண்டு வீடுகளில் யாருக்கு என்று ஒருவருக்கும் நினைவில்லை. அந்த வீட்டு ஆட்கள் எல்லோரையும் டாக்டர் கோரிமேட்டுக்கு அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். அட்டையிலேயே இல்லாத செய்திகளும் அந்த நாற்காலியில் வந்து விழுந்தன. மேற்கு ஊரில் கரும்பு போடும் ஒருவர், தனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டென்றும் இருபது வருடமாகப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் மாத்திரை போடுகிறேனென்றும் சொன்னார். அடுத்து அவருடைய மனைவி உள்ளே வந்து, "அவருக்கு வலிப்பு இருக்குது சார், எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். இரண்டையும் அவரவர் பக்கத்தில் வைத்தோம்.

நான் மென்பொருளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டில் யார் மருந்துக்கு வந்தாலும் அந்தப் பழைய அட்டை அவர் கண்ணில் பட்டது; அதனால்தான் முத்தம்மா சிவப்புக்குப் பயந்தாள். தனிப்பக்கம் முன்பே இருந்திருந்தால் அவள் பயந்திருக்க வேண்டியதில்லை. எங்களுக்குக் கேட்கத்தான் மறந்துபோனது.

மூன்றாவது பொத்தான் வந்த பிறகு, குழந்தைக்குத் தடுப்பூசி போட வசந்தி முதல் முறை வந்தபோது காசியம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் பேத்தியின் முகத்தைக் காட்டினார். விதிப்படி வசந்தியையும் குழந்தையையும் மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். பதில் எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும்.

"உங்களுக்கு எந்த ஊசியாவது, மருந்தாவது ஒத்துக்காம போயிருக்குதா?" என்றாள் கலைவாணி.

சொன்னாள். கலைவாணி "உண்டு" என்று அழுத்தி, மருந்தின் பெயரை ஏற்றினாள். வசந்தி எட்டித் திரையைப் பார்த்தாள்.

"இத வெளியில யாரும் பாக்க முடியாதில்ல சார்?"

"முடியவே முடியாது" என்றேன். கடவுச்சொல்லைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"எங்க மாமியா அரியாங்குப்பம் வரைக்கும் சொல்லிட்டாங்க சார். மீன் வாங்க வர்றவங்ககிட்டல்லாம், எம் மருமவளுக்கு இந்த ஊசி ஆவாது, எங்கனா மயங்கிக் கெடந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னுட்டுதான் மீன எடை போடறாங்க."

கலைவாணி சிரித்துக்கொண்டே குழந்தைக்குப் புதிய பக்கத்தைத் திறந்தாள். இன்னும் பெயர் வைக்கவில்லை. "வசந்தியின் பெண் குழந்தை" என்று ஏற்றினாள். எடை, பிறந்த இடம், போட வேண்டிய ஊசி. ஒவ்வாமைக் கட்டத்துக்கு வந்ததும் கை தானாக மூன்றாவது பொத்தானுக்குப் போனது. அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாப்பாகிட்ட இன்னும் கேக்கலியே, சார்."